கூடம் கோணல் அல்ல: குறைந்த செலவில் நடனப் படம்

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். இளைஞர் குழுக்களில் படம் எடுப்பது பற்றிய பேச்சு எழும்போது முதலில் வெளிவருவதும் இந்தக் கூடத்தின் கோணல்தான். நல்ல கமெரா இல்லை, விளக்குகள் இல்லை, ஸ்டூடியோ இல்லை, பணம் போட ஆள் இல்லை. இவை எல்லாம் உண்மைக் குறைகளே. ஆயினும் இவை இல்லாதபடியால்தான் படம் வரவில்லையா என்று ஒருமுறை நின்று கேட்டுப் பார்ப்பது நல்லது. நடனப் படம் என்ற துறையைத் தொடங்கி வைத்தவர்களின் கதை, இதற்கு எதிர்பாராத ஒரு பதிலைத் தருகின்றது.

அந்தக் கதையின் நடுவே நிற்பவர் மாயா டெரன் என்ற பெண். இவர் 1917இல் உக்ரேனின் கீவ் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1922இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. இளம் வயதில் கவிதை எழுதினார். பின்னர் கத்தரின் டன்ஹாம் என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பெண் கலைஞரின் நடனக் குழுவில் செயலாளராக வேலை செய்து, குழுவினருடன் ஊர் ஊராகச் சென்றார். டெரன் தாம் நடனக் கலைஞராக மேடையேறிப் புகழ் பெற்றவரல்லர். ஆனால் ஆடுபவர்களின் பக்கத்திலிருந்து அவர்களது உழைப்பை நாள்தோறும் கண்டவர்.

தந்தை இறந்தபோது கிடைத்த சிறு முதுசப் பணத்தில் 1943இல் பழைய பொலெக்ஸ் கமெரா ஒன்றை வாங்கினார். 16 மி.மீ. படச்சுருளில் இயங்கும் கமெரா அது. அதே ஆண்டில் தமது கணவர் அலெக்சாண்டர் ஹமிட்டுடன் சேர்ந்து, லொஸ் ஏஞ்சலிசில் தாம் குடியிருந்த வீட்டிலேயே 'மெஷஸ் ஒஃப் த ஆஃப்டர்நூன்' என்ற 14 நிமிடப் படத்தை எடுத்தார். செலவு 300 டொலருக்கும் குறைவு. நடித்தவர்களும் இவர்கள் இருவருமே. கதவு, படிக்கட்டு, சாவி, கத்தி என்று வீட்டில் கிடந்த பொருட்களே படத்தின் பொருட்கள். பெரும் ஸ்டூடியோக்களின் படங்கள் உருவாகிய அதே நகரில், அவற்றின் வாசலை மிதிக்காமலே செய்யப்பட்ட இந்தப் படம் இன்றும் உலகெங்கும் திரைப்பட மாணவர்களுக்குக் காட்டப்படுகின்றது.

மூன்று நிமிடத்தில் ஒரு பாடம்

எமது பொருளுக்கு மிக நெருக்கமானது 1945இல் அவர் செய்த 'எ ஸ்ரடி இன் கோரியோகிரஃபி ஃபோர் கமெரா' என்ற படம். கமெராவுக்கென அமைத்த ஆட்டம் பற்றிய ஒரு பயிற்சி என்பது இத்தலைப்பின் பொருள். மூன்று நிமிடம்கூட நீளாத, ஒலியற்ற, கறுப்பு வெள்ளைப் படம். ஆடுபவர் ஒருவர் மட்டுமே. அவர் டன்ஹாமின் குழுவிலிருந்த டாலி பீற்றி என்ற கறுப்பின இளைஞர்.

படம் ஒரு காட்டில் தொடங்குகின்றது. கமெரா மரங்களைச் சுற்றி மெல்லத் திரும்புகின்றது. ஒரு மரத்தருகே ஆடுபவர் தெரிகிறார். கமெரா தொடர்ந்து திரும்ப, இன்னோர் இடத்தில் மீண்டும் அவரே தெரிகிறார். பின்னர் மேலும் ஓரிடத்தில். பிறகு அவர் காட்டில் ஒரு காலை உயர்த்துகிறார். அந்தக் கால் இறங்கும்போது ஒரு வீட்டின் அறையில் ஊன்றுகின்றது. அறையிலிருந்து நகர்ந்தவர் நியூயோர்க் அரும்பொருட்சாலையின் எகிப்திய மண்டபத்தில் ஆடுகிறார். அங்கிருந்து ஒரு சுழற்சி. அது மெதுவாகத் தொடங்கி கண் தொடர முடியாத வேகத்தை அடைகின்றது. இறுதியில் ஒரு பாய்ச்சல். மேலெழுந்தவர் நிலத்துக்குத் திரும்ப எந்த மனிதருக்கும் இயலாத அளவு நேரம் எடுக்கிறார். வந்து இறங்குவதோ திறந்த வெளியில், நதியைப் பார்த்த மேட்டில்.

இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த உபகரணம் தேவைப்படவில்லை. காட்டிலிருந்து அறைக்குப் போனது படச்சுருளை வெட்டி ஒட்டியதால் நிகழ்ந்த வேலை. கால் உயரும் அசைவை ஓரிடத்திலும், அதே கால் அதே வேகத்தில் இறங்கும் அசைவை வேறோர் இடத்திலும் எடுத்து, அசைவின் நடுவே வெட்டி ஒட்டினால், பார்ப்பவரின் கண் அதை ஒரே அசைவாகவே ஏற்றுக்கொள்கின்றது. சுழற்சியின் வேகம் மாறியது கமெராவின் ஓட்டத்தை மாற்றியதால். பொலெக்ஸ் கமெராவை விநாடிக்கு 8 சட்டம் முதல் 64 சட்டம் வரை ஓடவைக்கலாம். அதிக சட்டங்கள் எடுத்தால் திரையில் அசைவு மெதுவாகும். குறைத்து எடுத்தால் விரைவாகும். நீண்ட பாய்ச்சலோ பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது.

மேடையில் ஆடுபவர் மேடையின் எல்லைக்குள் ஆடுகிறார். அதைத் தூரத்தில் கமெராவை நிறுத்திப் பதிவு செய்தால் கிடைப்பது நடனத்தின் பதிவு மட்டுமே. கமெராவும் வெட்டும் ஆட்டத்தின் அங்கமாகும்போதே நடனப் படம் பிறக்கின்றது. டெரன் காட்டிய வேறுபாடு இதுதான்.

அந்தக் கமெராவின் குறைகளையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அது மணிக்கூட்டைப் போல் சாவி கொடுத்து ஓடுவது. ஒருமுறை சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட ஓடாது. 100 அடிப் படச்சுருள் விநாடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். எடுத்தது சரியா என்பது சுருளைக் கழுவி எடுத்த பின்னரே தெரியும். எனவே எதை எடுப்பது, எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது, அடுத்த துண்டு எதில் தொடங்குவது என்பதை எல்லாம் முன்கூட்டியே தாளில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசியில் மணிக்கணக்கில் எடுக்கலாம். எடுத்ததை உடனே பார்க்கலாம். ஆனால் தாளில் சிந்திக்கும் வேலையை எந்தத் தொலைபேசியும் எமக்காகச் செய்து தருவதில்லை.

பெயர் யாருடையது?

இந்தச் சிறு படத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அக்காலத்து ஹொலிவூட் படங்களில் கறுப்பின நடிகர்களுக்குப் பெரும்பாலும் வேலைக்காரர் வேடங்களே கிடைத்தன. டெரனின் படத்திலோ ஒரு கறுப்பின இளைஞர் காட்டிலும் வீட்டிலும் அரும்பொருட்சாலையிலும் தடையின்றி நடமாடுகிறார். அதுமட்டுமன்று, படத்தின் ஆக்கம் என்ற இடத்தில் மாயா டெரன், டாலி பீற்றி என்ற இருவரது பெயர்களும் உள்ளன. ஆடியவரை வெறும் பாத்திரமாக அவர் கருதவில்லை. படத்தை ஆக்கியவர்களில் ஒருவராகவே கருதினார். பீற்றி பின்னாளில் நடன அமைப்பாளராகப் பெரும் பெயர் பெற்று 1995இல் மறைந்தார்.

படம் எடுத்தால் போதாது, காட்டவும் வேண்டும். வழமையான திரையரங்குகள் இத்தகைய குறும்படங்களை எடுப்பதில்லை. எனவே 1946இல் டெரன் நியூயோர்க்கில் புறொவின்ஸ்ரவுன் பிளேஹவுஸ் என்ற சிறு நாடக அரங்கை வாடகைக்கு எடுத்துத் தமது படங்களைத் தாமே காட்டினார். அரங்கு நிறைந்தது. பின்னர் பல்கலைக்கழகங்களுக்கும் சங்கங்களுக்கும் படங்களை வாடகைக்கு அனுப்பியும், நேரில் சென்று விளக்கவுரை ஆற்றியும் வந்தார். அவரது முயற்சியைக் கண்டு ஊக்கம் பெற்ற அமோஸ் வோகல் என்பவர் 1947இல் 'சினிமா 16' என்ற படச் சங்கத்தைத் தொடங்கினார். தனியொருவர் வாடகைக்கு எடுத்த சிறு அரங்கு, மற்றவர்களுக்கும் ஒரு பாதையைத் திறந்தது.

ஹெயிட்டியில் நின்றுபோன படம்

1946இல் டெரனுக்கு குகன்ஹைம் நிதியத்தின் புலமைப்பரிசில் கிடைத்தது. அப்பணத்துடன் 1947இல் கரீபியன் தீவு நாடான ஹெயிட்டிக்குச் சென்றார். அங்கு கிராம மக்களின் வூடூ வழிபாட்டு ஆட்டங்களைப் படமெடுத்து, தமது கலை நோக்குக்கு ஏற்ப அவற்றை அமைப்பது அவரது திட்டம். 1954 வரை பல தடவை சென்று வந்தார். பல மணிநேரப் படச்சுருள் சேர்ந்தது. ஆனால் படம் வரவில்லை.

காரணம் பணமோ கமெராவோ அல்ல. அந்த மக்களோடு வாழ்ந்து பழகப் பழக, அவர்களது ஆட்டத்தைத் தனியே எடுத்துத் தமது விருப்பப்படி வெட்டி ஒட்டும் உரிமை தமக்கில்லை என்று அவர் உணர்ந்தார். அங்கே ஆட்டம் என்பது பார்வையாளருக்காகச் செய்யும் நிகழ்ச்சி அல்ல. அது வழிபாட்டின் உள்ளிருந்து வருவது. பாட்டு, மேளம், படையல், ஊர் உறவு எல்லாவற்றோடும் பின்னிப் பிணைந்தது. காலையும் கையையும் மட்டும் பிரித்தெடுத்தால் அழகு மிஞ்சலாம், பொருள் போய்விடும். எனவே அவர் படத்துக்குப் பதிலாக 1953இல் 'டிவைன் ஹோர்ஸ்மன்' என்ற நூலை வெளியிட்டார். கலைஞராகப் பொருளைக் கையாளப் புறப்பட்ட தாம், கண்டதைப் பணிவோடு எழுதும் நிலைக்கு வந்ததை அந்நூலின் முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

1961இல் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவினால் 44 வயதில் அவர் இறந்தார். அவர் தொடாமல் வைத்திருந்த சுருள்களை அவரது கணவராயிருந்த இசைக்கலைஞர் டெய்ஜி இற்றோவும், ஷெரல் இற்றோவும் தொகுத்தனர். அது 1985இல் படமாக வெளிவந்தது. டெரன் விரும்பியிருக்கக்கூடிய படம் இதுவா என்ற கேள்வி மட்டும் நிற்கின்றது.

இந்தக் கேள்வி எமக்குத் தூரமானதல்ல. விடிய விடிய வட்டக்களரியில் ஆடும் கூத்தைச் சுற்றியிருந்து சனம் பார்க்கின்றது. ஒரு பக்கத்தில் கமெராவை நட்டு நான்கு நிமிடத் துண்டாக்கி, மேலே வேறு ஒரு பாட்டைப் போட்டுவிடுவது மிகச் சுலபம். அண்ணாவியாரிடமும் ஆடுபவர்களிடமும் கேட்டோமா? எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்தோமா? முடிந்த படத்தை முதலில் அவர்களுக்குக் காட்டினோமா? இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆயினும் சட்டத்துக்கு முன்னே மரியாதை என்று ஒன்று உண்டு.

பின்னால் வந்தவர்கள்

டெரனுக்குப் பின் பலர் அவ்வழியே நடந்தனர். நடனக் கலைஞராயிருந்து படத்துறைக்கு வந்த ஷேர்லி கிளார்க் 1953இல் 'டான்ஸ் இன் த சன்' என்ற குறும்படத்தைச் செய்தார். டானியல் நக்ரின் என்பவரின் ஓர் ஆட்டம் மேடைக்கும் கடற்கரைக்கும் இடையே மாறி மாறிச் செல்வதே அப்படம். பிற்காலத்தில் பாடல் வீடியோக்கள் பெரும் வியாபாரமாகி, ஒரு பாட்டுக்கு இலட்சக்கணக்கான டொலர்களைக் கொட்டும் காலம் வந்தது. அந்த ஆரவாரத்தின் நடுவிலும் சிக்கனமாகச் செய்தவர்கள் வென்றதுண்டு.

1999இல் ஃபற்போய் சிலிம் என்ற இசைக்கலைஞரின் 'பிறெய்ஸ் யூ' பாட்டுக்கு ஸ்பைக் ஜோன்ஸ் செய்த வீடியோவுக்கு ஏறத்தாழ 800 டொலரே செலவானதாகக் கூறப்பட்டது. லொஸ் ஏஞ்சலிசில் ஒரு திரையரங்கின் வாசலில், தேர்ச்சியற்ற ஊர்க்குழு போலத் தோன்றும் சிலர் ஆடுகிறார்கள். நடுவே அரங்கின் ஊழியர் ஒருவர் வந்து பாட்டை நிறுத்திவிடுவதும் படத்திலேயே உள்ளது. அவ்வாண்டு அதற்கு எம்.ரி.வி. தொலைக்காட்சியின் மூன்று விருதுகள் கிடைத்தன. அனுமதியின்றிப் பொது இடத்தில் எடுத்த அந்த வழியை எல்லோரும் பின்பற்றலாம் என்று நாம் சொல்லவில்லை. பார்ப்பவரின் மனதைத் தொட்டது பளபளப்பு அல்ல, ஆடியவர்களின் ஈடுபாடு என்பதே கவனிக்க வேண்டியது.

அமெரிக்காவின் ஓகே கோ என்ற இசைக்குழு 2005இல் வீட்டுப் பின்வளவில் ஒரே துண்டாக ஒரு நடன வீடியோவை எடுத்தது. 2006இல் எட்டு நடைப்பயிற்சி இயந்திரங்களின் மேல் நால்வரும் ஆடும் இன்னொன்றை, மீண்டும் ஒரே துண்டாக எடுத்தது. ஆட்டத்தை அமைத்தவர் பாடகரின் சகோதரியான ட்ரிஷ் சீ. கமெரா அசையவேயில்லை, வெட்டு ஒன்றுமில்லை. பணத்துக்குப் பதிலாக அவர்கள் செலவிட்டது ஒத்திகையை. 2007இல் அதற்கு கிரமி விருது கிடைத்தது.

டெரன் வெட்டினால் ஆட்டத்தைக் கட்டினார். இவர்கள் வெட்டே இல்லாமல் ஆட்டத்தைக் காட்டினார்கள். 1930களில் ஃபிரெட் அஸ்ரெயரும் தமது ஆட்டம் தலை முதல் பாதம் வரை தெரிய, இயன்றவரை வெட்டின்றி எடுக்கப்பட வேண்டுமென்று வற்புறுத்தியவர். இரண்டு வழியும் சரியானதே. எந்த வழி என்று தீர்மானியாமல் கமெராவைத் தூக்குவதே பிழை.

செய்ய விரும்புவோருக்கு

ஒரு குழு தமது முதல் நடனப் படத்தைச் செய்வதற்குப் பின்வரும் குறிப்புகள் உதவக்கூடும்.

1. முதலில் ஆட்டத்தை முழுமையாகப் பாருங்கள். கமெரா இல்லாமல் மூன்று நான்கு தடவை பார்த்து, எந்த அசைவை எங்கிருந்து பார்க்க மனம் விரும்புகின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

2. வெளிச்சத்துக்குச் சூரியனை நம்பலாம். காலையும் பின்னேரமும் நல்ல நேரம். நடுப்பகல் வெயில் கண்களைக் குழியாக்கிக் காட்டும். தொலைபேசியில் எடுத்தால் வெளிச்ச அளவைப் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஆடுபவர் அசையும்போதெல்லாம் படம் இருண்டும் வெளுத்தும் மாறும்.

3. பாட்டை அந்த இடத்திலேயே உரத்து ஒலிக்கவிட்டு ஆடச்செய்யுங்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டைப் பதிவு செய்தால் பின்னர் பாட்டோடு பொருத்துவது எளிது.

4. மெதுவான அசைவு வேண்டும், உதடும் பாட்டோடு பொருந்த வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. விநாடிக்கு 50 சட்டமாக எடுத்து, அந்நேரம் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிடுங்கள். பின்னர் 25 சட்டமாக ஓடவிட்டால் உடல் மிதக்கும். உதடு பாட்டோடு சேரும்.

5. ஓர் அசைவை இரண்டு இடங்களில் எடுத்து ஒட்டுவதாயின், இரண்டிலும் அசைவை முழுமையாகச் செய்யவிட்டு எடுங்கள். எந்தக் கால், எந்தப் பக்கம், எந்த வேகம் என்பதை ஒருவர் குறித்து வைக்கட்டும். வெட்டு அசைவின் நடுவில் விழ வேண்டும்.

6. பாதங்களை வெட்டாதீர்கள். முகத்தை மட்டும் தேடும் கமெரா நடனத்தைத் தவறவிடும்.

7. ஆடுபவரின் உடலே உங்கள் முதன்மை உபகரணம். சீமெந்துத் தரையில் திரும்பத் திரும்பக் குதிக்கச் சொல்வது முழங்காலைக் கெடுக்கும். உடலைச் சூடாக்க நேரம், தண்ணீர், சாப்பாடு, உடை மாற்ற மறைவான இடம் ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் முதலில் எழுதுங்கள். எத்தனை தடவை எடுப்பது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

8. பிறர் பாட்டை எடுத்தால் உரியவரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். உங்கள் ஊரில் பாட்டுக் கட்டுபவர் ஒருவர் இருப்பாராயின் அவரோடு சேர்ந்து செய்வது இன்னும் நல்லது.

9. ஒரு தாளில் உடன்படிக்கை எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, யார் பெயர் எங்கே வரும், பின்னர் பணம் வந்தால் எப்படிப் பகிர்வது, ஒருவர் தம் உருவத்தை நீக்கச் சொன்னால் என்ன செய்வது என்பவை அதில் இருக்கட்டும். நண்பர்கள்தானே என்று விட்ட இடத்திலேதான் நட்பு முறிகின்றது.

சிக்கனம் யாருடைய தலையில்?

கடைசிக் குறிப்புகள் இரண்டும் சிலருக்குத் தேவையற்றவையாகத் தோன்றலாம். ஆனால் குறைந்த செலவுப் படங்களின் உண்மையான ஆபத்து இங்கேதான் உள்ளது. கமெரா வாடகைக்காரர் கடன் சொல்ல விடமாட்டார். பஸ்காரர் காசில்லாமல் ஏற்றமாட்டார். எனவே மிச்சம் பிடிக்க எஞ்சியிருப்பது ஆடுபவரின் கூலிதான். "உனக்கு இது நல்ல விளம்பரம்" என்று சொல்லி நாள் முழுவதும் வெயிலில் ஆடவைத்து, படத்தின் முடிவில் பெயரைக்கூடப் போடாமல் விடுவது பல இடங்களில் நடப்பதே. பெரும்பாலும் அப்படி விடப்படுபவர்கள் இளம் பெண்பிள்ளைகள். அப்படிச் செய்த படத்தைக் குறைந்த செலவுப் படம் என்று சொல்ல முடியாது. செலவு குறையவில்லை, அது வேறொருவரின் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றது.

கொடுக்கக் காசு இல்லாவிட்டால் இல்லையென்று முதலிலேயே சொல்லலாம். ஆடுபவரைப் பங்காளியாகச் சேர்த்துப் படத்தின் உரிமையில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். ஒரு நாளில் முடியக்கூடியதாகப் படத்தைச் சிறிதாக்கலாம். மூன்று நிமிடத்துக்கும் குறைந்த ஒரு படம் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பேசப்படுகின்றது என்றால், சிறியது என்பதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிழைப்புக்காக அன்றி விருப்பினால் செய்பவருக்கு உள்ள பெரும் சொத்து சுதந்திரம் என்று டெரன் எழுதியிருக்கிறார். மேலும் உபகரணங்களைச் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே உள்ள அசையும் உடலையும் சிந்திக்கும் மனதையும் நன்றாகப் பயன்படுத்துங்கள் என்பது அவரது அறிவுரையின் சாரம். அந்தச் சுதந்திரத்தை முதலாவது படத்தில் எப்படிப் பயன்படுத்துவதென்று அவர் காட்டினார். எங்கே கமெராவைக் கீழே வைக்க வேண்டும் என்பதை ஹெயிட்டியில் கற்றுக்கொண்டார். இரண்டும் தெரிந்தவருக்குக் கூடம் கோணலாக இருந்தாலும் ஆட்டம் நேராகவே வரும்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது ஊரின் எந்த ஆட்டத்தைப் படமாக்கலாம்? எதைப் படமாக்காமல் விடுவது நல்லது? இதைத் தீர்மானிப்பவர் யாராக இருக்க வேண்டும்?

2. எமது குழு முன்பு செய்த நிகழ்ச்சிகளில் ஆடியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் என்ன கிடைத்தது? அவர்களிடமே கேட்டுப் பார்ப்போமா?

3. கையிலுள்ள ஒரு தொலைபேசியையும் ஒரு நாளையும் கொண்டு மூன்று நிமிடத்தில் எதைச் சொல்லலாம்?

4. முடிந்த படத்தை முதலில் யாருக்குக் காட்டுவோம், எங்கே காட்டுவோம்?